கிளை கட்டிய சைக்கிள்

மார்ச் 2, சனி

நிலாவில் மனுஷன் கால் வைத்தான் என்று ரேடியோ கத்திய வருஷம். அந்த வருஷ மழையில்தான் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. எனக்கு இருபத்திரண்டு வயது. மலைமேல் மின்கம்பி இழுக்கும் வேலை. காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவோம், சாயங்காலம் ஏறி உட்கார்ந்து இறங்குவோம். ஐந்து சைக்கிள். ஒன்றிலும் பிரேக் பிடிக்காது. அதனால் பின்னால் கயிறு போட்டு ஒரு மரக்கிளையை இழுத்துக்கொண்டே வருவோம். கிளை தரையைப் பிராண்டும், வேகம் அடங்கும். யோசனை என்னுடையது.

இதைச் சொன்னால் மகன், "போன தடவை ஆறு சைக்கிள்னீங்களேப்பா" என்கிறான். ஐந்துதான்! நான், மீசை, நெட்டை, ஓட்டைவாய், மேஸ்திரி. சாட்சிக்கு யாரைக் கூப்பிட? நாலு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுதும்போது சிரிக்கிறாள். அதையும் எழுதும்மா என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

மருமகள் ஞாயிறானால் மலை சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவள். "வாங்க மாமா, ஓட்டியே காட்டிடுங்க" என்றாள். மகனுடைய சைக்கிள் இரண்டு வருஷமாகத் துணி காயப்போடத்தான் பயன்படுகிறது.

மகன் குதித்தான். "இந்த வயசுல எலும்பு உடைஞ்சா ஒட்டாதுப்பா!"

"ஒட்டவைக்க நீ ஒண்ணும் வர வேணாம்."

கடைசியில் பந்தயமாகிவிட்டது. விழாமல் இறங்கினால் அவன் என் கதையில் இனி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. விழுந்தால் அந்தக் கதையையே நான் இனிமேல் யாரிடமும் எடுக்கக் கூடாது. சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்தக் கதையை எடுத்துவிட்டால் என்னிடம் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

மார்ச் 8, வெள்ளி

மகனுடைய சைக்கிளில் தெருவில் மூன்று சுற்று. இருபத்தொரு கியராம். எனக்கு ஒன்று போதும்.

மார்ச் 10, ஞாயிறு

மகன் எங்களைக் காரில் அதே மலைமேல் இறக்கிவிட்டு அடிவாரத்தில் காத்திருக்கப் போனான். காற்றில் ஒடிந்து கிடந்த கிளை ஒன்று அகப்பட்டது. நுனி மெல்லிசாக இருந்ததால் அங்கே கயிற்றை முடிந்தேன். "பிரேக்கே நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள் மருமகள். பிரேக்கைத் தொட்டால் அது பந்தயமா?

முதல் வளைவு, ஜம்மென்று. இரண்டாவதில் பாட்டே வந்துவிட்டது. மூன்றாவதில் சுள்ளியெல்லாம் ஒரு வேரில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. புதருக்குள் போய் விழுந்தேன்.

"மாமா! மாமா!" என்று அவள் ஓடி வருகிறாள். அதற்குள் மேலேயிருந்து ஒரு விசில். இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அதே விசில்.

தண்ணீர் பம்பு அறை வாசலில் இடுப்பில் கை வைத்து ஒரு கிழவி. "டேய் ரேடியோ! நுனியில கட்டாத, அடியில கட்டுன்னு எத்தன தடவ சொல்றது? நுனியில கட்டுனா சுள்ளியெல்லாம் முன்னால பாத்துக்கிட்டு மாட்டாம என்ன செய்யும்?"

நான் வாயாடி என்பதால் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட ஆளே இல்லை என்றிருந்தேன்.

விசில்! அப்படித்தான் அவளைக் கூப்பிடுவோம். எங்களுக்குச் சமைத்துப் போட்டவள். பம்பு ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டாளாம். "என்னை எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"கிளை இழுத்துட்டு வர்றவன் நம்ம ஆளு. அதுல தப்பா கட்டுறவன் நீ ஒருத்தன்தானே. தினம் அஞ்சையும் நான்தானடா கட்டி விட்டேன்."

பாத்திரம் உருளாமல் இறங்க முதன்முதலில் கிளை கட்டியவளும் அவள்தான். ஆறாவது சைக்கிள் அவளுடையது. மீசையின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கிற எனக்கு இது மட்டும் எப்படிப் போச்சு? போச்சா, போக விட்டேனா?

அவளே திருப்பிக் கட்டிவிட்டாள். மிச்ச மலை வெண்ணெய் மாதிரி இறங்கினேன்.

கீழே மகன் என் முழங்கையைப் பார்த்தான். "விழுந்தேன்டா" என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மருமகள் போய் விசிலை வீட்டுக்கு அழைத்துவந்தாள். தடை எனக்குத்தானே, அவளுக்கு இல்லையே. இரண்டு மணி நேரம் அவள் சொன்னாள். மகன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டான்.

சரிம்மா, முதல் பக்கத்தைத் திருப்பித் திருத்து. "நிஜமா திருத்தவா மாமா?" என்கிறாள். திருத்து. சைக்கிள் ஆறு. யோசனை என்னுடையது இல்லை, அவளுடையது. மீசை, நெட்டை, ஓட்டைவாய், மேஸ்திரி இன்றைக்கு இல்லை, சரி. ஆனால் சாட்சி யாரும் இல்லை என்பதை அடித்துவிடு. பெரிய எழுத்தில் போடு: இருக்கிறாள், விசில்.