கல்லறைக் கல்லின் சத்தம்

ஏரியூர் முகாம்
14-3-1971

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நாங்கள் ஆய்வு செய்யும் இந்தக் குன்றின் பாறையில் தோரியம் இருப்பதை ஆய்வுக்கூடம் நேற்றுத் தந்தியில் உறுதி செய்தது. அது இயற்கையாகவே கதிர் வீசும் பொருள். அளவு சொற்பம்தான், பயப்பட வேண்டாம்.

இவ்வூர்க்காரர்கள் கல்லறைக்கும் அந்தக் குன்றின் கல்லைத்தான் வைக்கிறார்கள். போன வாரம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல்லின் மேல் கதிர் அளக்கும் பெட்டியை வைத்தேன். படபடவென்று தட்டியது. அங்கே பூ வைத்துக்கொண்டிருந்த மதலேனம்மாள் நிமிர்ந்தார்.

“எம்மவ பேசறாளுங்களா?”

“இல்லீங்கம்மா, கல்லுதான். எப்பவும் இப்படித்தான், பெட்டி வெச்சாத்தான் நமக்குக் கேக்கும்.”

“அப்ப ஒம்பது வருசமா கூப்புட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. எனக்குத்தான் கேக்கலீங்க.”

இப்போது தினமும் முகாமுக்கு வந்து, “செத்த நேரம் வெச்சுக் காட்டுங்க சார்” என்கிறார். நானும் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அம்மாவின் படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். தபால்காரர் காத்திருக்கிறார்.

மண்ணுக்கடியில் தோரியம் எவ்வளவு இருக்கிறது என்ற முடிவு முப்பதாம் தேதி வரும். அதிகமென்றால் தோண்டுவார்கள், கல்லறைகளை இடம் மாற்றுவார்கள். அதை அந்த அம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகன்
தணிகாசலம்