ஃப்ளோட்டில் கட்டிய செம்புக் கம்பி

மத்திகிரி
12-11-1989

அன்பு மகன் முனீர் அகமதுவுக்கு அத்தா காஜா மொய்தீன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்த மட்டில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அரபு நாட்டில் தம்மாமில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று ஐந்து வேளையும் கேட்கிறோம். உன் அம்மா காத்தூனுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது ஊசிமுனைகூடத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்குத் தெரிகிறது, அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

போன கடிதத்தில் நீ பழைய பி.எஸ்.ஏ. வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். பெங்களூரில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார், வண்டியைக் கழுவி ஸ்டார்ட் செய்து வையுங்கள் அத்தா, சும்மா துருப்பிடிக்கிற இரும்புதானே என்று எழுதியிருந்தாய். நம் ஊர் கால்நடைப் பண்ணையில் இருந்த மாட்டு டாக்டர் மாற்றலாகிப் போகும்போது எனக்கு விட்டுப்போன வண்டி அது, முப்பது வருசம் என் கையைத் தவிர வேறு கை அதன் கார்புரேட்டரைத் தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சரி, மகன் சொல்கிறானே என்று எட்டு வருசமாகப் போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்தேன். டயர் இரண்டும் மண்ணோடு ஒட்டியிருந்தன. ஆனால் டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப் மூடியிருந்தது முனீரு. உன் மச்சான் ரசூலை நான் தெருவில் வைத்துத் திருடன் என்று சொன்ன அன்று கடைசியாக வண்டியை நிறுத்தியவன் அவன்தான். அவ்வளவு கேவலப்பட்டு நிற்கிறவனும் பெட்ரோல் வீணாகக் கூடாது என்று டேப்பை மூடிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

கார்புரேட்டரை இறக்கினேன். உள்ளே இருந்த பெட்ரோல் காய்ந்து வேலம்பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பகல் முழுக்க பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பெட்ரோல் பாயும் சின்ன ஓட்டையான ஜெட்டை சைக்கிள் பம்பால் ஊதி, அடைப்பு போகாத இடத்தில் குதிரை வால் முடியை விட்டு எடுத்தேன். ஜெட்டுக்குள் கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், முடிதான் போகலாம் என்று உனக்குத் தெரியும், அதற்காகத்தானே பண்ணைக் குதிரைக்காரரிடம் முடி வாங்கிவரச் சொல்லி உன்னை அனுப்புவேன். எல்லாம் முடித்து ஃப்ளோட் டப்பாவின் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் நிறைந்தால் ஃப்ளோட் மிதந்து ஊசியைத் தூக்க வேண்டும், ஊசி ஏறினால் வழி அடைபடும், ஃப்ளோட்டையும் ஊசியையும் பிடித்திருப்பது நகம் அளவு ஸ்பிரிங் கிளிப் ஒன்றுதான். அந்தக் கிளிப் அங்கே இல்லை. அதன் இடத்தில் வார்னிஷ் போட்ட செம்புக் கம்பி மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருந்தது. கட்டு தளர்ந்து ஃப்ளோட் மட்டும் மேலே ஏறுகிறது, ஊசி ஏறவில்லை. அப்படி இருந்தால் வண்டி ஓட ஓட பெட்ரோல் ரோட்டில் ஒழுகும், போக வேண்டிய தூரத்தில் பாதிகூடப் போகாது.

ரசூலை நான் திருடன் என்று சொன்ன அந்த வருசம் நம் வீட்டில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வேலைக்குப் போனவன் நீ ஒருவன்தான். சட்டைப் பையில் எப்போதும் அந்தக் கம்பி வைத்திருந்தவனும் நீதான். கட்டின முடிச்சுகூட காயில்காரன் முடிச்சு.

உன் அம்மாவிடம் கம்பியைக் காட்டினேன்.  அவள் சொன்னாள், அந்த வருசம் பக்ரீத் முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை, ஓட்டிப் பார்க்கலாம்னு முனீரு வண்டிய எடுத்தான், ஸ்டார்ட் ஆகலேன்னு கார்புரேட்டரத் தொறந்தான், என்னமோ தெறிச்சு மண்ணுல விழுந்துடுச்சு, என் மாவுச் சல்லடையத் தூக்கிட்டுப் போயி வாசல் மண்ணெல்லாம் சலிச்சான், அத்தாகிட்ட சொல்லாதேம்மா, கொன்னுடுவாருன்னான், சின்ன சாமானுதானேன்னு விட்டுட்டேன் என்றாள். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று நீ காய்ச்சல் என்று ஜும்ஆவுக்கு வராமல் போர்த்திப் படுத்துக்கொண்டாய். அன்று களியில் மண் கடித்தது, சோறாக்கத் தெரியாதவளைக் கட்டிவைத்தார்கள் என்று நான் தட்டைத் தள்ளினேன். உன் தப்புக்கு முதலில் திட்டு வாங்கியவள் அவள், அடுத்து ரசூல்.

உன் கூடப்பிறந்த தாஹிராவைக் கட்டிக்கொண்டு நம்மோடு இருந்த மாப்பிள்ளை, தளிக்குப் போய் பீன்சும் கோசும் எடுத்துவந்து ஓசூர் மார்க்கெட்டில் போடுகிறவன், அந்த வண்டிதான் அவன் கை கால். நாலு லிட்டர் ஊற்றினால் போய்வந்து மீதி இருக்க வேண்டும், மூன்று தரம் நடுரோட்டில் நின்றுபோய் மூட்டையோடு தள்ளிக்கொண்டு வந்தான். மாமா, வண்டி குடிக்குது மாமா, ஒரு தரம் தொறந்து பாருங்களேன் என்றான். நான் கழுவி மாட்டுன கார்புரேட்டரு குடிக்காதுடா, நீதான் பெட்ரோல வித்துட்டு வந்து கதை சொல்றே, திருட்டுப்பய என்று தெருக்குழாயடியில் வைத்துச் சொன்னேன். பிளக்கைக் கழற்றியிருந்தால் பெட்ரோல் மிஞ்சிப் பாய்ந்து கரி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பேன். கழற்றவில்லை. என் வேலையில் குறை இருக்கும் என்று என் புத்திக்கு வரவில்லை, மருமகன் திருடுவான் என்று மட்டும் உடனே வந்தது. அது என் பாவம், அதை உன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் நீயும் அங்கே நின்றாய். விடுங்க அத்தா, வீட்டு மாப்பிள்ளை, பெரிசு பண்ணாதீங்க என்று என் தோளைப் பிடித்துச் சமாதானம் சொன்னாய். அந்த வார்த்தையைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

ஜோதியம்மாளை வைத்து எழுதுகிறேனே, வீட்டுச் சங்கதி வெளியே போகிறதே என்று உனக்குக் கோபம் வரும். அன்று குழாயடியில் குடத்தோடு நின்று திருடன் என்று நான் சொன்னதைக் கேட்டவள் இவள். இதையும் அவள் காதால் கேட்டுக் கையால் எழுதட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

போன திங்கட்கிழமை கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி, அன்றோடு நம் வீட்டை விட்டுப் போன ரசூலும் தாஹிராவும் குடியிருக்கிற மத்தூர் போனேன். எட்டு வருசத்தில் முதல் தடவை. தாஹிராவின் மகள் சபீஹாவுக்கு ஏழு வயசு, வாசலில் என்னைப் பார்த்து, அம்மா, யாரோ பெரியவரு வந்திருக்காரு, அரிசி போடட்டுமா என்று கேட்டது. ரசூல் தண்ணீர் கொடுத்தான், உட்காரச் சொன்னான். கம்பியைக் காட்டிச் சொன்னேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடு என்றும் சொன்னேன். வண்டியை நீயே எடுத்துக்கொள் என்றேன். அவன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமா, நீங்க தெரியாம சொன்னீங்க, அது இன்னியோட போச்சு, தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கானே, அவன் சொல்லட்டும், அப்புறம் வண்டி எடுக்க வரேன் என்றான். தாஹிரா அடுப்படியில் இருந்து வெளியே வரவேயில்லை. கிளம்பும்போது மட்டும், அத்தா, அவன் தம்மாம்லருந்து எனக்குச் சேலை அனுப்பிச்சானே, அப்பக்கூட ஒரு வரி எழுதலியே என்றாள். அந்தச் சேலையை அவள் உடுத்தவில்லை, பொட்டியில் இருக்கிறதாம்.

பெங்களூர்க்காரர் வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். கடிகாரக் கடையில் பழைய ஸ்பிரிங் வாங்கிப் புதுக் கிளிப் அடித்து மாட்டினேன், ஏழாவது உதையில் வண்டி எடுத்துக்கொண்டது, சத்தம் கேட்டு உன் அம்மா அழுதாள். டேப்பை மூடி, துடைத்து, சுவர் ஓரம் நிறுத்தியிருக்கிறேன், அது மத்தூருக்குப் போகிற வண்டி. நீயும் அங்கே மெஷின் வேலைதான் பார்க்கிறாய், ஒரு பாகம் தொலைந்தால் தொலைந்தது என்று மேஸ்திரியிடம் சொல், கிடைத்ததைக் கட்டி மூடிவைக்காதே. என் கைக்குப் பயந்து மறைத்தாய் என்றால் அந்தப் பயத்தை உண்டாக்கினவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் கை எட்டாது, இனி எதற்குப் பயம்.

இந்தக் கவரில் அந்தக் கம்பியை மடித்து வைத்திருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதே. உன் கையாலே ரசூலுக்கும் தாஹிராவுக்கும் ஒரு கடிதம் எழுதி, அதற்குள் இதை வைத்து மத்தூருக்கு அனுப்பு. எனக்கு எழுத வேண்டாம். கம்பி வந்து சேர்ந்தது என்று தாஹிரா சொல்லி அனுப்புகிற வரைக்கும் உன்னிடமிருந்து வருகிற கடிதம் எதையும் ஜோதியம்மாளிடம் பிரிக்கக் கொடுக்க மாட்டேன். எழுத்துத் தெரியாதவனுக்குப் பிரிக்காத கடிதமும் பிரித்த கடிதமும் ஒன்றுதான்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதே என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உண்மையைச் சொல்லுகிற நாக்கும் தருவானாக.

உன் அத்தா,
காஜா மொய்தீன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)