மிளகு வாசனையோடு போன சால்வை

என் பாசத்துக்குரிய காதர் மச்சானுக்கு,

என் மானம் பஸ்ஸில் உருண்டு போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோள் துண்டை மேலே போட்டு மறைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் மடியிலிருந்த நூலுருண்டை குதித்தது. யார் யார் காலையோ சுற்றிக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த பலாப்பழ மூட்டைவரை போய் நின்றது.

"ஏனுங்க, யாருதுங்க இந்த நூலு?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"எங்க ஊட்டுக்காரி வாங்கியாரச் சொன்னாங்க" என்றேன்.

முன் சீட்டு அம்மா திரும்பி என் மடியைப் பார்த்தது. "பொய் சொல்றப்பவாச்சும் கை நிக்குதா பாருங்க" என்றது. உண்மைதான் மச்சான். ஊசி இரண்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸே சிரித்தது. இத்தனை வருஷம் உங்களுக்கும் என் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி இப்போது மலைமேல் நம் தேவனூர் நாடு முழுக்கத் தெரியும்.

பஸ்ஸில்கூடப் பின்னுகிற அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். நம் கோமதிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. அந்தக் குளிருக்கு அப்பன் கையால் ஒரு லேஸ் சால்வை கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியும் இருந்தது. அதுதான் ஆளை உட்கார விடவில்லை. தோட்டத்துக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் தோட்டத்து நினைப்பு. கையில் ஊசி இருந்தால் கொஞ்சம் அடங்கும்.

என் வாயாக இருந்தது நீங்கள்தானே? அவள் நர்சிங் படிக்கக் கேட்டபோது, சரி என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கடைக்கு மிளகு விற்க வந்த இடத்தில் உங்களிடம் சொன்னேன். உடனே அவளுக்குப் போன் போட்டீர்கள். "உங்கப்பன் சரின்னுட்டாரு கண்ணு, அழாத. நேர்ல சொல்லத் தெரியாம இங்க வந்து முழிச்சுட்டு நிக்கிறாரு." உங்களைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போன அன்று நானும் தோள் கொடுத்தேன். இனி நம் வீட்டில் யார் பேசுவது என்ற நினைப்புத்தான் வழியெல்லாம்.

பின்னலும் உங்கள் கடையில் பிடித்துக்கொண்டதுதான். மேலே போகும் பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தவன் கையில் ஊசியைத் திணித்தீர்கள். உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு கதை. எது நிஜம் மச்சான்? மிளகுக் கொடிக்கு ஏணி பிடித்துக் காய்த்த என் விரலில் நூல் மாட்டி இழுத்தபோது, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னீர்கள். தடவினேன். முதல் சால்வை எண்ணெய்ச் சட்டியில் விழுந்த முறுக்கு மாதிரி ஆனது.

கோமதியின் சால்வை அப்படியில்லை. வெள்ளை நூல், இலை இலையாக ஓட்டை விட்ட பின்னல். ஒரு இடத்தில் கண்ணி விட்டுப்போய், மனசு கேட்காமல் பாதிக்குமேல் பிரித்து மறுபடி பின்னினேன். முடித்ததும் நீங்கள் சொன்னபடி தண்ணீரில் ஊறவைத்தேன். இழுத்து விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தால்தானே லேஸ் கண் திறக்கும்? வெளியே ஒரே மூடுபனி. கட்டிலில் சாக்குகளை அடுக்கி அதன்மேல் குத்தி, வீட்டுக்குள்ளேயே காயவிட்டேன். நல்ல கெட்டிச் சாக்கு, குண்டூசி அசையவே இல்லை.

எல்லாம் மிளகு கட்டிய சாக்கு, மச்சான்.

காய்ந்த சால்வையைக் கோமதி தோளில் போட்டாள். தும்மினாள். நிறுத்தவே இல்லை.

"இத அப்படியே தண்ணியில போட்டா ரசம் வெச்சரலாங்க" என்றாள் என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி. என்னை மடக்க அவளுக்கு நீங்கள் சொல்லித் தரவா வேண்டும்?

அலசிக் காயவைக்க நேரமில்லை, மறுநாள் காலை பயணம். "நான் ஒன்னும் நெனச்சுக்கமாட்டேன். ஊட்லயே வெச்சுட்டுப் போ சாமி" என்றேன்.

"உடுங்கப்பா. அங்க தும்முனா எங்கப்பன் நெனக்கிறாருன்னு சொல்லிக்குவேன்" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை நாங்களும் இறங்கினோம். அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகும் கார், உங்கள் கடைக்கு முன்னால்தான் நின்றது. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நான் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்த பையன் "என்ன மாடலுங்க?" என்றான்.

கார் கதவைப் பிடித்துக்கொண்டு கோமதி கேட்டாள்: "ஏதோ சொல்ல வந்தீங்களேப்பா?"

"சால்வையத் தொவச்சா முறுக்கிப் பிழியாத கண்ணு."

"அது நேத்தே சொல்லிட்டீங்க."

"டீ குடிக்கிறயா?"

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். கார் போய்விட்டது. சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தால், கிளம்புகிற நேரத்தில் அபசகுனம் என்று நினைத்திருப்பாளோ? அப்பனுக்கே நம்பிக்கை இல்லை என்று நினைத்திருப்பாளோ? நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பித்திருப்பீர்கள்?

அன்றிலிருந்து புதுச் சால்வை ஒன்றைப் பின்னுவதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். யாருக்கு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணுவாள். உங்கள் தங்கச்சியிடம் போனைத் தள்ளிவிட்டு எழுந்து போகமாட்டேன். நானே பேசுவேன், உங்கள்மேல் சத்தியம். காருக்குப் பக்கத்தில் தொண்டைவரை வந்து நின்றது இதுதான்:

அங்க உனக்கு ஒத்துக்கலைன்னா திரும்பி வந்துரு சாமி. ஊர் என்ன சொல்லும்னு பாக்காத. ஏன் வந்தேன்னு நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்.

உங்கள் மலைக்காட்டு மச்சான்,
கோமதியின் அப்பன்