வெளியே ஒரு கீறல்கூட இல்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருந்து தொலை. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

வேனில் சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிக்கொள்கிறாயாமே? உன் வீட்டுக்காரி போட்டுக்கொடுத்துவிட்டாள். வண்டி கத்தாமல் இருக்கத்தான் பெல்ட்டா? பிணவறையில் என் மேஜைக்கு வரும் டிரைவர்கள் பலருக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஸ்டீயரிங் இடித்து உள்ளே விலா உடைந்திருக்கும், வயிறு முழுக்க ரத்தம் தேங்கியிருக்கும். "நல்லாத்தானே பேசிட்டு இருந்தாரு" என்று வாசலில் சொந்தங்கள் அழும். அந்த வாசலில் என்னை நிறுத்திவிடாதே.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது பிரித்தது என் தப்பு. பெல்ட் தொப்பையை அழுத்துகிறது, தேய்த்த சட்டையைக் கசக்குகிறது, நான் என்ன செய்ய? ஆனாலும் இனி ஒழுங்காகப் போடுகிறேன். ஏனென்றால் நேற்று ஒரு லாரியின் பின்னால் லேசாக முட்டிவிட்டேன். ஸ்டீயரிங் வயிற்றில் ஒரு குத்து விட்டது. பயப்படாதே, ஒரு கீறல்கூட இல்லை! இடது தோள்பட்டைதான் வலிக்கிறது. அங்கே எதுவும் படவே இல்லை, அது எதற்கு வலிக்கிறதோ! தைலம் தேய்க்கிறேன். போன் பண்ணித் திட்டாதே, எடுக்க மாட்டேன்.

உன் கெட்டிக்காரத் தம்பி

மார்ச் 21, ஆஸ்பத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடாமல் ஆளே வந்து நிற்பாய் என்று யார் கண்டது! பிணவறை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நீ வந்ததைப் பார்த்து, "யாருக்கு என்னாச்சு?" என்று நானே கேட்டேன். என் வயிற்றில் கை வைத்ததும் உன் முகம் மாறியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆம்புலன்ஸில் நீ அழுதாயாம், நர்ஸ் சொன்னார்.

"மண்ணீரல் கிழிஞ்சு கசிஞ்ச ரத்தம்தான் தோள்ல வலியா காட்டியிருக்கு. உங்க அக்கா கொஞ்சம் லேட்டா வந்திருந்தா, அவங்க மேஜைக்குத்தான் போயிருப்பீங்க" என்றார் சர்ஜன். நீ என் கடிதத்தை அப்புறம் படிக்கலாம் என்று வைத்திருந்தால் நான் இல்லை, அக்கா. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உன் தம்பி

மார்ச் 26

என் தங்கத் தம்பிக்கு,

நான் அழவில்லை. ஆம்புலன்ஸ் குலுங்கியது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை இங்கே என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் உன் மண்ணீரலைக் கொண்டுவந்து காட்டினார். கிழிந்த மண்ணீரல்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றின் சொந்தக்காரன் எனக்குக் கடிதம் எழுதியது இதுதான் முதல் தடவை.

எழுதிக்கொண்டே இருடா.

உன் அக்கா