டாக்டரம்மா ஜீப்புக்கு நாலு டிராயர்

ஆகஸ்ட் 18, திங்கள்

இட்லி சாப்பிடும்போது இவர் மறுபடியும் "வித்துடு" என்றார். தகடு மடிக்கிற பெண்டிங் மெஷினைத்தான். பக்கவாதம் வந்த இந்தப் பத்து மாதத்தில் அவர் வாயில் தெளிவாக வருகிற நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. மற்றதெல்லாம் குழறுகிறது, இது மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று மாதாவிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

மன்னார்குடியில் பீரோ கடை வைத்திருக்கும் ராம்கி செப்டம்பர் பத்தாம் தேதி மெஷினைப் பார்க்க வருகிறார். அது போய்விட்டால் எங்கள் பீரோ பட்டறையில் ஒரு தகட்டைக்கூட மடிக்க முடியாது. சரி, பிழைப்புக்கு ஏதாவது செய்துகொள்ளலாம். என் பயம் வேறு. வீட்டுக்கும் முன்னால் இருக்கும் பட்டறைக்கும் நடுவில் பதினைந்து அடி வெறும் தரை. வலது கை தொங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இவர் பத்து மாதமாக அதைத் தாண்டவில்லை. மெஷினும் இல்லையென்றால் இனி எதற்குத் தாண்டப் போகிறார்?

"பார்க்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

மாட்டு டாக்டர் ரிஃப்கா வந்தார். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் ஸ்கூட்டி புதைகிறது என்று பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறார். பின் சீட்டைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் மருந்து, ஊசி, கயிறு, கையுறை எல்லாம் மூட்டையும் டப்பாவுமாகக் குவிந்து கிடக்கிறது.

"போன மழையில ஒரு மாடு விழுந்து கெடக்கு, கால்சியம் பாட்டில தேடி எடுக்கறதுக்குள்ள மூணு மூட்டையப் பிரிச்சுக் கொட்டிட்டேன்க்கா. கைக்கு எட்டுற மாதிரி நாலு டிராயர் வேணும். அண்ணன் செய்வாங்களா?"

"நான் செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. இத்தனை வருஷமாகப் பெயிண்ட் அடித்தேன், அளவு குறித்துக் கொடுத்தேன். ஒரு சாமானைக்கூட முழுதாக நானே செய்ததில்லை. என்ன துணிச்சல் உனக்கு, அமலோற்பவம்?

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜீப்புக்குள் குப்புறப் படுத்து அளந்தேன். வெல்டர் சதீஷ் பதினொரு வருஷமாக எங்களோடு இருப்பவன். சிரிக்காமல் டேப்பின் மறுமுனையைப் பிடித்தானே, அதற்கே அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முடிந்தது! இந்தப் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு டிராயர், அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் ஒரு தடுப்பு. மடிப்பு எல்லாம் நானே போட்டேன். ஒரு விரலால் இழுத்தால் சத்தமில்லாமல் வருகிறது. "அண்ணன் செஞ்ச மாதிரியே இருக்கு அண்ணி" என்றான் சதீஷ். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாளை பிள்ளையார் சதுர்த்தி, சதீஷ் லீவு. நாளை மறுநாள் ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

உள்ளே போகவில்லை.

டீக்கடை ஆட்கள் வந்து நாலு பேராகத் தூக்கினார்கள். நேராக, சாய்த்து, தலைகீழாக. ஜீப்பின் உள் அகலத்தை நூல் பிசகாமல் அளந்தவள், பின் கதவு அதைவிடக் குறுகல் என்பதைப் பார்க்கவில்லை. எங்கள் பீரோவுக்குள் ஊரே சாமான் வைக்கிறது. பீரோவைக் கொண்டுபோய் இன்னொன்றுக்குள் வைக்கிற வேலை எங்களுக்கு எப்போது வந்தது? வழக்கம்போல ஒரே உடம்பாக வெல்டிங் வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பரவால்லக்கா, மாடுங்க என்னைக்கு நான் சொன்ன தேதியில கன்னு போட்டிருக்கு?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ராம்கிக்கே மெஷினைக் கொடுத்துவிடலாம் என்று இன்று நானும் நினைத்தேன். நினைத்ததை எழுதத்தானே இந்த டைரி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெட்டியை நடுவில் இரண்டாக அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சதீஷ் கிரைண்டரை வைத்து இரண்டு விரல்கடை அறுத்திருப்பான். நிமிர்ந்து பார்க்கிறேன், பட்டறை வாசலில் இவர் நிற்கிறார். சட்டை இல்லை. இடது கையால் சுவரைப் பிடித்திருக்கிறார்.

"ஏன்... செஞ்சத... அறுக்குற?"

சத்தத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார். வெறும் தகட்டை அறுத்தால் ஒரு சத்தமாம், மடித்து வெல்டிங் வைத்த பெட்டியை அறுத்தால் வேறு சத்தமாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வாயால் சிரித்தார். "கதவ... அளக்கலையா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "நீங்க வந்து அளந்திருக்கலாம்ல? பதினஞ்சு அடி வர்றதுக்குப் பத்து மாசமா?" — சொல்லியிருக்கக் கூடாது. சதீஷ் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினான்.

இவர் திரும்பிப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சாக்பீஸ் கேட்டார். நடுவில் அறுத்தால் தடுப்பில் டிராயர் ஓடுகிற தடமான சேனல் கெட்டுவிடுமாம். தடுப்பை ஒட்டினாற்போல் வலப்பக்கம் அறுத்து, அந்தப் பாதிக்குப் புதுச் சுவர் வைத்து, இரண்டையும் தனித்தனியாக ஜீப்புக்குள் ஏற்றி போல்ட் போட வேண்டும். இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இடது கைக் கோடு நெளிந்துதான் வந்தது. ஸ்கேல் வைத்து அதன்மேலேயே நேராக்கினேன். ஸ்கேலின் மறுமுனையை இவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மாதாவே, நன்றி. கதவை அளக்காத என் புத்திக்கும் சேர்த்து.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டரம்மா வந்தபோது இவர் வீட்டுக்குள் ஓடுவார் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கன்னு இழுக்குற கயிறு... ஈரமா... வைப்பீங்களா?"

"ஈரமாத்தான் அண்ணா. காயவைக்க எங்க நேரம்?"

இந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. இவர்தான் கீழ் டிராயர் ஒன்றில் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொன்னார். இவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியபோது டாக்டரம்மா அவசரமே படவில்லை. நாள் முழுக்க வாயில்லா ஜீவன்களோடு இருப்பவர். அந்தப் பொறுமையில் எனக்குக் கால் பங்கு இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

உள்ளே போய்விட்டது. இரண்டு பாதியும்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள் பூசை. கூட்டமாக இருக்கும் என்று இவர் வரவில்லை. வற்புறுத்தவில்லை. மெழுகுவர்த்தி இரண்டு ஏற்றினேன்.

வெளியே வரும்போது டாக்டரம்மா போன். வாய்க்கால் கரையில் ஒரு மாட்டுக்குக் கன்று திரும்பிக் கிடந்ததாம். "கயிறு எங்கன்னு தேடவே இல்லக்கா. கண்ணு மாட்டு மேல, கை டிராயர் மேல." தாயும் கன்றும் நலம்.

செப்டம்பர் 10, புதன்

ராம்கி சொன்னபடி பத்து மணிக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பார்க்கலாம் என்றதோடு சரி, இவரிடம் மெஷினைப் பற்றி நான் வாயே திறந்திருக்கவில்லை. சண்டைக்குத் தயாராகத்தான் டீ போட்டேன். இவர் பட்டறையில் ஸ்டூலில் இருந்தார், சட்டை போட்டுக்கொண்டு.

ராம்கி மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்க. எப்ப வண்டி கொண்டாரட்டும்ண்ணே?"

இவர் வார்த்தையைத் தேட ஆரம்பித்தார். எனக்கு நாக்கு நுனியில் நூறு வார்த்தை நின்றது. கடித்துக்கொண்டு நின்றேன். ராம்கி டீயைக் குடித்தே முடித்துவிட்டார்.

"மெஷின்ல... வேலை இருக்கு" என்றார்.

இன்றைய தேதிக்கு எங்கள் கையில் ஒரு ஆர்டர்கூட இல்லை. நான் ராம்கிக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.