உள்படி

உங்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

மேஸ்திரி இருக்கும்போது வீடு கட்ட இன்னொரு மேனேஜர் எதற்கு என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஆள் கண்ணுல யாரும் மண்ணைத் தூவ முடியாது" என்றீர்கள். சத்தியமான வார்த்தை. உங்களாலும் முடியவில்லை.

நேற்று அந்த மேனேஜர் வரைபடத்தோடு வந்தார். எதை மாற்றினாலும் கணவன் மனைவி இருவருக்கும் வாசித்துக் காட்டி, இருவரிடமும் கையெழுத்து வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்கமாட்டாராம். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"மாடில சாருக்குத் தனி கிச்சன். தனி கரண்ட் மீட்டர். தனி காலிங்பெல். தெருவுல இருந்தே ஏறுற மாதிரி வெளிய ஒரு படி. சார் போன வாரம் போன்ல சொன்னாரு மேடம். உங்ககிட்ட பேசிட்டேன்னும் சொன்னாரு."

"பேசினாரு" என்றேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றி இருபது வருடப் பழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, அதை என்னையே பரிமாறவும் வைத்துவிட்டீர்கள்.

கிளம்பும்போது அவர் தயங்கி நின்றார். "அப்போ உள்படி இருக்கட்டுமா மேடம்?"

கூடத்திலிருந்து வளைந்து மாடிக்கு ஏறும் படி. நான் ஆசைப்பட்டு வரையச் சொன்ன ஒரே இடம்.

அதை எடுத்துவிட்டு அங்கே சுவர் எழுப்பச் சொன்னேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரி