தெரியாது என்பதற்கு ஒரு விலை

இன்று காலை தும்புச்சோற்றுக் கட்டி ஒன்றை வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். அது பொருமி உடைந்தது. அறை முழுவதும் ஈரத் தேங்காய்மட்டையின் வாசம். பொண்டிப் புறநகரில் இருந்த உம்முடைய வீட்டின் வாசம் அதுதான். கதவு திறந்ததும் முதலில் அது வரும். பிறகுதான் நீர், உம்முடைய தேநீர், சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள், அவற்றுள் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்புகள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று இப்போது ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில் என் ஒற்றை அறையில் இருக்கிறது. அதைத் துடைத்து, புதுத் தும்பு பரப்பி, அவளைத் தூக்கி உள்ளே விட்டேன். நீர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. 'அவள்' என்றுதான் சொல்வீர். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நாம் பழகியது 2009 இன் கோடையில். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருப் பக்கம், ரூ பிலிப்-து-ஜிராரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தவர் என்று உம் முகம் மட்டும் எனக்குத் தெரியும். வன்னியில் காணாமற்போன தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தீர். வேறொரு பத்திரிகையில் அவர் இறந்துவிட்டதாக ஏற்கெனவே வந்திருந்தது. கடைசியாகக் கண்டவர் யார் என்று கேட்டேன். ஒரு மன்னார்க்காரர், இப்போது முகாமில் இருக்கிறார் என்றீர். அவர் கண்டது உயிரோடா, உடலாகவா என்று கேட்டேன். உயிரோடு. அப்படியானால் 'தொடர்பு இல்லை' என்று மட்டுந்தான் எழுதுவேன் என்றேன். "இவ்வளவும் கேட்டது நீர் ஒராள்தான்" என்றீர்.

பாம்பு வளர்க்கிறீர் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைத்தெருவில் உமக்குப் 'பாம்பர்' என்று பட்டம். கோயிலுக்குப் போகிற சனம் உம் வீட்டுப் பக்கம் வர அஞ்சியது. உம்முடைய தேவாலயத்துச் சனமோ ஏதேன் தோட்டத்துக் கதையைச் சொல்லிச் சிரித்தது. மீன்கடைக்காரர் ஒருநாள், "பாம்பர், உம்மடை பிள்ளையளுக்குப் பால் வார்க்கிறேல்லையோ?" என்று கேட்டார். "அதுகளுக்கு எலி காணும். பால் எனக்குத் தேத்தண்ணிக்கு வேணும்" என்றீர்.

அடுத்த வசந்தத்தில் புறநகர் மண்டபமொன்றில் நடந்த ஊர்வனச் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனீர். அங்கே விலை போடும் முறையை நீர் விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமான அல்பினோ மலைப்பாம்புக்குப் பெரிய விலை. வெறும் மண்ணிறப் பாம்புக்குச் சின்ன விலை. ஆனால் சில மண்ணிறப் பாம்புகள் அந்த மஞ்சளை உள்ளே மறைத்து வைத்திருக்கும். தாயும் தகப்பனும் மண்ணிறமாக இருந்து, இருவருக்குள்ளும் மஞ்சள் மறைந்திருந்தால், மண்ணிறமாகப் பிறக்கும் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு அதைக் கொண்டிருக்கும். எந்த இரண்டு என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே விலை. வெறும் பாம்பை விடக் கூட, நிச்சயமான பாம்பை விடக் குறைவு.

ஒரு மேசைக்காரனை நீர் பிடித்துக்கொண்டீர். தாய் எது, தகப்பன் எது, கூடப் பிறந்ததில் எத்தனை மஞ்சள், தாய் முன்பு எத்தனை முறை முட்டையிட்டது? உம் கேள்விகள் முடியவே இல்லை.

"என்ன ஐசே, கலியாணம் பேசவோ வந்தனீர்?" என்று கேட்டேன்.

"கலியாணத்திலை எல்லாம் தெரியும் எண்டு சொல்லித்தான் தலையிலை கட்டுவாங்கள். இவன் தெரியாது எண்டு எழுதி ஒட்டி வைச்சு விக்கிறான். தெரியாது எண்டதுக்கு விலை போட்டு விக்கிற கடை லா சப்பலிலை ஒண்டு காட்டும் பாப்பம்."

அன்று வாங்கியதுதான் அவள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் மண்ணிறக் குட்டி. வீடு திரும்பும் ரயிலில், துணிப்பையில் போட்டு, குளிரக்கூடாது என்று சட்டைக்குள் வைத்திருந்தீர்.

அவள் வளர்ந்து தாயாகச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு பிரெஞ்சுக்காரர் தம்முடைய மஞ்சள் ஆணை இரவல் கொடுத்தார். அவளுக்குள் மஞ்சள் இருந்தால் குட்டிகளில் பாதி மஞ்சளாக வரவேண்டும். நான்கு முட்டைகள் இட்டாள். பொரித்த குட்டிகள் நான்கும் மண்ணிறம். பிரெஞ்சுக்காரர் கைகளை விரித்தார். அவள் வெறும் பாம்பு, அந்த விலைக்கே விற்றுவிடுங்கள் என்றார். நீர் மறுத்தீர். நிச்சயமானது என்றும் விற்கமாட்டேன், வெறுமையானது என்றும் விற்கமாட்டேன் என்றீர். அவர் போன பிறகு என்னிடம் திரும்பினீர்.

"இருக்கு எண்டு சொல்ல ஒரு குட்டி போதும். இல்லை எண்டு சொல்ல எத்தனை குட்டி வேணும்? நீர் பேப்பர்க்காரர்தானே, சொல்லும்."

நாம் பாம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. மன்னாரிலிருந்து உம் தங்கை, தம்பியின் ஆன்மாவுக்காகத் தேவாலயத்தில் ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று ஒவ்வொரு நவம்பரிலும் கேட்பா. ஒவ்வொரு முறையும் நீர், "இருக்கிறவனுக்குச் செத்த பூசையோ?" என்று தொலைபேசியை வைத்துவிடுவீர். பிறகு என்னிடம் வந்து, வேறு ஏதாவது பேசுவீர்.

அதே மஞ்சள் ஆணோடு சேர்ந்து அவள் இரண்டாம் முறை முட்டையிட்டபோது உமக்கு நோய் முற்றியிருந்தது. மீன்கடைக்காரர் தந்த, ஐஸ் மீன் வரும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் முட்டைகளை நீரே அடுக்கி, வெப்பமானியைச் செருகி, பெட்டியையும் அவளையும் என்னிடம் ஒப்படைத்தீர். ஒப்பித்தாலில் உம் கட்டிலருகே நான் வந்து குந்தியதும் உம் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "முட்டை வத்தேல்லையோ?" இல்லை என்பேன். "ஒண்டையும் பிரட்டாதையும்" என்பீர். கடைசி வாரத்தில் கேள்வி கேட்கக் குரல் இல்லை. புருவத்தை உயர்த்துவீர். இல்லை, வற்றவில்லை என்று சொல்வேன்.

உம்மை அடக்கம் செய்து மூன்றாம் வாரத்தில் முட்டைகள் கீறின. முதலில் ஒரு மண்ணிறத் தலை. இன்னொரு மண்ணிறத் தலை. நான் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து பார்த்தபோது, மூன்றாவது முட்டையின் கீறலில் எலுமிச்சை நிறத்தில் ஒரு மூக்கு, சிவந்த கண்கள். பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இதன் முழுப் பொருளும் விளங்கக்கூடிய எவரும் இப்போது இந்த நகரத்தில் இல்லை. பிரெஞ்சுக்காரருக்குச் சொன்னேன். அவர் உடனே அவளுக்குப் புது விலை சொன்னார். முன்பு சொன்னதைப் போல் பல மடங்கு. அவள் அன்றும் இன்றும் ஒரே பாம்புதானே என்றேன். அவர் சிரித்தார். குட்டிகளை அவரிடமே கொடுத்துவிட்டு அவளை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் உம் தங்கை தொலைபேசி எடுத்தா. எங்கள் பத்திரிகையில் வரும் உம்முடைய ஓராண்டு நினைவஞ்சலிக்கு வாசகம் சொல்ல. நம் ஆட்களின் வழக்கம் உமக்குத் தெரியும். உறவுகளின் பெயர்களை வரிசையாகப் போடும்போது, போனவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். தம்பியின் பெயருக்கு முன்னாலும் அதைப் போடச் சொன்னா.

"அக்கா, ஆராவது கண்டவையோ?" என்று கேட்டேன். என்னை அறியாமல் 2009 இன் கேள்வியே வாயில் வந்தது.

"ஒருத்தரும் காணேல்லை. இனி ஆர் காணுறது? அண்ணை இருக்கும் மட்டும் நான் வாய் திறக்கேல்லை. இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பூசை குடுக்கப்போறன். எனக்கு அழுது முடிக்கவேணும், தம்பி."

முட்டையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். மஞ்சள் தலையைப் பற்றி. ஒரு அக்கா வயதுப் பெண்ணுக்கு, தொலைபேசியில், பாம்புக் கதை. வாசகத்தைக் குறித்துக்கொண்டேன். செய்தி என்றால் அதற்கு நான் பொறுப்பு. அஞ்சலி வீட்டுக்காரருடையது, அது அவ எழுதும் வாசகம். அவ கேட்டபடியே அச்சுக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. உம் படம் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆகவே, அவர் உயிரோடு இருக்கலாம் என்று சொல்வதற்கு இப்போது மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். உம் தம்பியை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.